சிவந்த கண்ணும் சிவக்காத கண்ணும்



கண் சிவந்த ஒருவரைப் பார்த்தால் நம் ஊரில் மூன்று சந்தேகங்கள்தான் வரும். கோபமா, குடியா, அழுகையா? சினிமாக்காரர்களும் இந்த மூன்றைத்தான் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். வில்லன் என்றால் கண்ணில் கொஞ்சம் சிவப்பு பூசிவிடுவார்கள். நான்காவதாக நோய் என்று ஒன்று இருப்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதற்குள் பாதிக் காரியம் கெட்டிருக்கும்.

நான் டாக்டர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, ப்ரெவே முடித்து, அரசாங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கோப்பு கட்டியே தலை நரைத்தவன். தங்கையை ஏற்காட்டில் கட்டிக்கொடுத்திருந்த காரணத்தால், ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் இந்த மலைக்கே வந்து சேர்ந்தோம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களில் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க மாமா" என்றான். போடவில்லை.

என் தங்கை மகன் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் டாக்சி ஓட்டுகிறான். நடந்தபோது அவனுக்கு வயது 49. சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அவனுக்கு மனப்பாடம். மூடுபனியில் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கே தெரியாத நாளிலும் நிதானமாக ஏறுவான். குடிப்பழக்கம் கிடையாது. வெற்றிலை கூடப் போடமாட்டான்.

அவனுக்கு வலது கண் அடிக்கடி சிவக்கும். வந்தால் மூன்று நாள், நான்கு நாள் இருக்கும். தெரிந்த மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுப்பார்கள். இரண்டு நாளில் கண் வெளுத்துவிடும். குப்பியை டாஷ்போர்டில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிடுவான். கேட்டால், "புகை மாமா, மலைக்காத்து மாமா, ஏசி மாமா" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வான். ஒரு முறை பக்கத்து வீட்டுப் பாட்டி நந்தியாவட்டைப் பூவைக் கொண்டு வந்து ஒத்தச் சொன்னாள். இன்னொருத்தர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். கண் விஷயத்தில் யோசனை சொல்லாதவர் நம் ஊரில் உண்டா?

அந்த வருடம் மே மாதம். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நேரம். டாக்சிக்காரர்களுக்கு வருடத்துச் சம்பாத்தியத்தில் பெரும் பங்கு அந்தச் சில வாரங்களில்தான். சேலம் ஜங்ஷனில் ஒரு குடும்பத்தை ஏற்றப் போயிருக்கிறான். பெட்டிகளை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முகம் துடைத்திருக்கிறான். அந்த வீட்டு அம்மாள் அவன் கண்ணைப் பார்த்தாள். கணவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் வந்து, "டிரைவர், ராத்திரி சரக்கா?" என்று கேட்டார். இவன் இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. குழந்தைகளோடு மலை ஏறுகிறவர்கள் டிரைவரின் கண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இவன் அன்று சாப்பிடவில்லை. தங்கை எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நீ சொன்னா கேப்பான், வா" என்றாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலை, பதிவேடு எழுதுவது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, எந்தக் கண், வலி உண்டா, பீளை உண்டா, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்குகிறதா, அன்றைய சர்க்கரை, விட்ட மருந்து. அவன் ட்ரிப் நோட்டில் வண்டி ஓடாத நாட்கள் இருந்தன. மருந்துக் கடைச் சீட்டுகள் சில சட்டைப் பையில் கிடைத்தன. இரண்டையும் ஒப்பிட்டுப் பின்னோக்கி எழுதினோம்.

எழுதி முடித்ததும் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பத்தரை மாதத்தில் ஐந்து முறை. ஐந்தும் வலது கண். ஒரு முறை கூடப் பீளை இல்லை. ஐந்து முறையும் வெளிச்சம் கூசியிருக்கிறது, கண்ணுக்குள் ஆழமாக வலித்திருக்கிறது. இடைவெளியோ முதலில் நான்கு மாதம், பிறகு மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்றரை. புகையும் காற்றும் ஒரே கண்ணைத் தேடி இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு வருமா? சர்க்கரைக் கட்டத்தில் எழுத ஒன்றுமே இல்லை. எட்டு மாதமாகச் சோதிக்கவே இல்லை. சொட்டு மருந்துக் குப்பியை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பொடி எழுத்தில் டெக்சாமெத்தசோன் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு.

"நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் போகிறோம். நீ வண்டி ஓட்டக் கூடாது" என்றேன். அப்போதுதான் மனதில் இருந்ததைச் சொன்னான். "மாமா, டாக்டர் வண்டி ஓட்டாதேன்னு சொல்லிட்டா என்ன பண்றது? பாப்பா செகண்ட் இயர் படிக்குது. வண்டிக்கு டியூ கட்டணும்." அவன் கண்ணைக் காட்டப் பயப்படவில்லை. கண்ணைக் காட்டினால் பிழைப்பு போய்விடுமோ என்று பயந்திருக்கிறான். மருத்துவமனைக்குப் போகாதவர்களை நாம் அலட்சியம் என்கிறோம். பலருக்கு உள்ளே இருப்பது இந்தப் பயம்தான்.

சேலத்தில் ஒரு கண் மருத்துவமனை. டாக்டர் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி இளம் வயது. நோட்டை வாங்கி முழுக்கப் படித்தார். "யார் எழுதினது?" என்றார். "மாமா, ரிட்டயர்டு கிளார்க்" என்றான். "நல்லா எழுதியிருக்கீங்க சார். பாதி வேலை முடிஞ்சுது" என்றார். பணியில் இருந்த காலத்தில் ஒரு மேலதிகாரியும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை!

கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். அது மேல்கண் நோய் இல்லை, கண்ணின் உள்ளே ஏற்படும் அழற்சி, யுவியைட்டிஸ் என்று பெயர் என்றார். கறுவிழியைச் சுற்றி வளையம் போலச் சிவப்பது, ஒளி கூசுவது, பீளை இல்லாமல் வலிப்பது எல்லாம் அதன் அடையாளம். சர்க்கரை கட்டில் இல்லாதவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம், ஆனாலும் வேறு காரணங்களையும் தேட வேண்டும் என்று இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எழுதிக் கொடுத்தார். அவற்றில் வேறொன்றும் வரவில்லை.

கண்ணின் அழுத்தம் 28 இருந்தது. 10 முதல் 21 வரை இருந்தால் சரி. அழற்சியாலும் ஏறலாம், அந்தச் சொட்டு மருந்தாலும் ஏறலாம். இப்படியே போனால் நரம்பு கெட்டு கிளாகோமாவில் முடியும் என்றார்.

பிறகு அவர் எழுதிக் கொடுத்ததும் ஸ்டீராய்டு சொட்டுதான்! நான் கேட்டேன். சிரித்துக்கொண்டே விளக்கினார். மருந்து எதிரி இல்லை. கடையில் வாங்கி இரண்டு நாள் விட்டால் சிவப்பு அடங்கும், உள்ளே நெருப்பு நீறு பூத்து இருக்கும். முறையாக முதலில் மணிக்கொரு தரம், பிறகு வாரா வாரம் குறைத்து, கூடவே பாப்பாவை விரிக்கும் மருந்து, அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, இடையிடையே அழுத்தத்தை அளந்து பார்ப்பது என்று ஆறு வாரம் போக வேண்டும். அதே சொட்டை, கருவிழியில் காளான் கிருமி பிடித்த கண்ணில் விட்டால் கண்ணே போகலாம். காப்பித் தோட்டத்தில் இலையோ குச்சியோ கீறி வருகிறவர்களுக்கு அந்த ஆபத்து உண்டு. மலைவாசிகள் நாம் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டு, பாப்பா விரிந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். வலது கண்ணை ஐந்து நிமிடம் பார்த்தார். இடது கண்ணைப் பார்க்க ஆரம்பித்தவர் நிமிரவே இல்லை. "இந்தக் கண் எப்பவாவது சிவந்திருக்கா?" என்றார். "இல்லைங்க டாக்டர், அது நல்ல கண்" என்றான் இவன். அவர் பதில் சொல்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்த நல்ல கண்ணின் விழித்திரையில்தான் கேடு அதிகமாக இருந்தது. வலது கண்ணிலும் இரத்தப் புள்ளிகள் இருந்தன. ஆனால் இடது கண்ணில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்க ஆரம்பித்துவிட்டன. சர்க்கரையால் பழைய நுண்குழாய்கள் அடைபட்டுப் போனதும், விழித்திரை பசியில் புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அவை மெல்லியவை. ஒரு நாள் உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் நிரம்பி, ஒரே இரவில் பார்வை போகும். வலி இல்லை, சிவப்பு இல்லை, மங்கலும் இல்லை. தூரத்து மைல்கல்லை அந்தக் கண்ணால் தெளிவாகப் படித்துக்கொண்டிருந்தான். பதினைந்தாவது வளைவில் அது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

சிறு வயதில் டிக்டேஷன் எழுதும்போது எங்கள் முசியே அடிக்கடி காதைத் திருகும் இடம் ஒன்று உண்டு. பிரெஞ்சில் ஒற்றைக் கண்ணுக்கு ஒரு சொல், 'எய்' என்பது போல ஒலிக்கும். இரண்டு கண் என்றால் அந்தச் சொல்லே மாறி 'யே' என்றாகிவிடும். எழுத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வராது, தனியாகத்தான் படிக்க வேண்டும். அன்று அந்த அறையில் இது ஏனோ ஞாபகம் வந்தது.

என் பெரியப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார். 1970களில், அறுபது வயதுக்குள் அவருக்குப் பார்வை போயிற்று. கண் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதனால் யாருக்கும் காரணம் புரியவில்லை. செய்வினை என்று கூடப் பேசினார்கள். அவருக்கு நீரிழிவு இருந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் சிறுநீரை நீல நிறக் கரைசலில் விட்டுக் காய்ச்சுவார்களே, உங்களுக்கு நினைவிருக்கும். நீலமாகவே இருந்தால் நிம்மதி, பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறமானால் கவலை. பெரியப்பாவுக்கு எப்போதும் செங்கல்தான். ஆனால் சர்க்கரைக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

'தியாபெத்' என்ற சொல்லுக்கு கிரேக்க மொழியில் ஊடே வழிந்து போவது என்று பொருள். நம் 'நீரிழிவு' என்ற சொல்லும் நீர் இழிந்து, அதாவது இறங்கி ஓடுவதைத்தான் சொல்கிறது. இரண்டு பெயருமே சிறுநீரோடு நின்றுவிடுகின்றன. கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று அது போகும் வழி பெயரில் இல்லை. உடம்பில் இரத்தக் குழாய்களை அறுக்காமல், திறக்காமல் நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரைதான். அதைப் பார்க்கும் கருவியை 1851இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர் கண்டுபிடித்தார்.

இதில் நம் தமிழ்நாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. 'மெட்ராஸ் ஐ' என்று ஒரு கண்நோய்க்கே நம் தலைநகரின் பெயரை வைத்திருக்கிறோம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையால் அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். ஓய்வு பெற்றால் ஈசிசேர்தான் என்று நினைக்கும் நம் போன்றவர்கள் அவரை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும். 2003இல் அந்த மருத்துவமனை எங்கள் புதுச்சேரிக்கும் வந்தது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வரும். விழித்திரையைப் பார்க்கும் கருவி வராது. அதற்கு நாம்தான் இறங்கிப் போக வேண்டும்.

இவன் கதைக்கு வருகிறேன். அந்த ஆறு வாரமும் வண்டி ஓடவில்லை. டியூ கட்டத் தங்கை வளையல்களை அடகு வைத்தாள். நானும் என்னால் ஆனதைக் கொடுத்தேன். இடது கண்ணுக்கு மூன்று தடவையாக லேசர் வைத்தார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை முதலில் 10.4 இருந்தது. எட்டு மாதத்தில் 7.3 ஆயிற்று. எப்படி என்கிறீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று நோட்டில் எழுதச் சொன்னேன். அடிவாரத்தில் ஒன்று, வழியில் ஒன்று, ஒண்டிக்கடையில் ஒன்று, சவாரிக்குக் காத்திருக்கும்போது இரண்டு என்று ஒன்பது டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எழுதிப் பார்த்ததும் அவனே பயந்துவிட்டான். இப்போது மூன்று, அதுவும் சர்க்கரை இல்லாமல். மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறான். மாலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறான்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். லேசர் வைத்த கண்ணுக்கு இருட்டில் பார்வை கொஞ்சம் குறையும், ஓரப் பார்வையும் சற்றுக் குறையும் என்று டாக்டர் முன்பே சொன்னார். இருக்கிற பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கும் விலை அது. பகலில் ஓட்டலாம் என்று பார்வையைச் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு மலைச்சாலையில் ஓட்டுவதை இவன் விட்டுவிட்டான். இரவு சவாரிக்குத்தான் கூடுதல் பணம். அது போயிற்று. அதற்காக ஒரு நாள் கூட அவன் முனகி நான் கேட்டதில்லை. அதன் பிறகு ஒரே ஒரு முறை கண் சிவந்தது. அன்றே கீழே இறங்கிப் போய்க் காட்டினான்.

நம் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன்.

தும்மினாலோ இருமினாலோ வெள்ளை விழியில் திட்டாக இரத்தம் கட்டும். பார்க்கப் பயமாக இருக்கும், வலிக்காது, இரண்டு வாரத்தில் கரையும். ஆனால் அன்றே இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். பீளை ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் வந்தால் பெரும்பாலும் மெட்ராஸ் ஐ. துண்டு, தலையணையைத் தனியாக வையுங்கள். எரிச்சலும் உறுத்தலும் என்றால் கண் உலர்ந்திருக்கலாம். விறகடுப்புப் புகையும் மலைக்காற்றும் அதைக் கூட்டும், சர்க்கரைக்காரர்களுக்கு அது இன்னும் அதிகம். கண்கட்டி திரும்பத் திரும்ப வந்தால் ஒரு தடவை சர்க்கரையைப் பாருங்கள்.

வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று சிவப்போடு சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. தலைவலி, வாந்தியோடு விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அந்த நேரமே ஓட வேண்டும். மருந்துக் கடையில் கண்ணுக்கு எதுவும் வாங்காதீர்கள். வாங்கிய பழைய குப்பியை வீட்டில் வைக்காதீர்கள். திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சர்க்கரை இருந்தால் கண் நன்றாகத் தெரிந்தாலும், சிவக்காவிட்டாலும், வருடத்துக்கு ஒரு முறை பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சேலம் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்கள். அன்று வண்டி ஓட்ட முடியாது, எழுத்தும் தெரியாது. கறுப்புக் கண்ணாடியும் துணைக்கு ஒரு ஆளும் அவசியம். ஆள் இல்லாமல்தான் பலர் போவதில்லை. ஏற்காட்டில் இருக்கும் நண்பர்கள் யாருக்காவது துணை வேண்டும் என்றால் எனக்குச் சொல்லுங்கள். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தால் போதும், நோட்டும் பேனாவும் நானே கொண்டு வருகிறேன்.